காமாலையே வராத ஆளுக்கு ஈரல் புற்றுநோய் எப்படி வரும்?

கோபிப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 ஜூலை 2

எங்கள் பெரியப்பாவுக்கு 61 வயது. குடி இல்லை, பீடி இல்லை. அவருக்குக் காமாலை வந்ததாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பசியே இல்லை, ஆள் இளைத்துக்கொண்டே போகிறார் என்று ஸ்கேன் எடுத்தால் ஈரலில் கட்டி, புற்றுநோய் என்கிறார்கள். இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிறது, அதனால் வந்தது என்கிறார் டாக்டர். காமாலையே வராமல் காமாலை வைரஸ் எப்படிப் புற்றுநோய் தரும்? காசு பிடுங்க ஏதாவது சொல்கிறார்களா?

ஜூலை 2, இரவு

காசு பிடுங்குகிற கதை இல்லைங்க. டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். நானும் பி வைரஸ்காரன்தான். பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவன், டாக்டர் இல்லை. ஆனால் இந்தச் சனியன் உடம்பில் குடியிருப்பது தெரிந்ததிலிருந்து இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கண் மஞ்சளானால்தான் ஈரலுக்குக் கேடு என்று நம் பக்கம் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. பி வைரஸில் நடப்பது கிட்டத்தட்ட தலைகீழ். வளர்ந்த ஆளுக்கு அது தொற்றினால் உடம்பு எதிர்த்துச் சண்டை போடும், அந்தச் சண்டையில்தான் சிலருக்குக் கண் மஞ்சளாகும், நூற்றில் 95 பேருக்கு ஆறு மாதத்துக்குள் வைரஸ் ஒழிந்தும்விடும். பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால் அந்தப் பச்சை உடம்புக்கு அதை எதிரி என்று அடையாளம் தெரியாது. சண்டை இல்லை, காமாலையும் இல்லை, வைரஸ் அப்படியே தங்கிவிடும். அப்படித் தொற்றிய குழந்தைகளில் 100-க்கு 90 பேருக்கு இதுதான் கதி. உங்கள் பெரியப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தோ, நடை பழகும் வயதிலிருந்தோ அது உள்ளே இருந்திருக்கும்.

ஜூலை 3

ஒன்றை விட்டுவிட்டேன், இதுதான் அவசரமும்கூட. பெரியப்பாவுடன் பிறந்தவர்கள் எல்லோரும், உங்கள் அப்பா உட்பட, ஹெச்.பி.எஸ்.ஏஜி. என்கிற இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். பெரியம்மா, பிள்ளைகளும்தான். பெரிய செலவெல்லாம் ஆகாது. 'எல்.எஃப்.டி. (ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனை) பார்த்தோம், நார்மல்' என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஈரல் என்சைம் சரியாக இருக்கும்போதே வைரஸ் உள்ளே இருக்கலாம். எனக்கு அப்படித்தான்.

ஜூலை 4

வைரஸும் புற்றுநோயும் ஒரே ஆளுக்கு அமைந்தது தற்செயல் என்று ஈரோட்டுக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். 1970-களில் உலகத்துக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. தைவானில் பீஸ்லி என்கிற அமெரிக்க டாக்டர் 22,707 அரசு ஊழியர்களின் இரத்தத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, எல்லோரும் ஆண்கள், வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார். அரசு ஊழியர் என்றால் வேலை மாறி ஊர் மாறித் தொலைய மாட்டார், செத்தாலும் கணக்கில் வந்துவிடும், கெட்டிக்கார யோசனை. 1981-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: வைரஸ் இருந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய், இல்லாதவர்களைவிட 200 மடங்குக்கு மேல். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பே 15 முதல் 30 மடங்கு என்றுதான் சொல்கிறார்கள். 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஹெபடைடிஸ் பி, சி வைரஸ் இரண்டையும் மனிதனுக்குப் புற்றுநோய் தருபவை என்று முதல் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. தற்செயல் என்கிற பேச்சு அதோடு முடிந்தது.

எப்படி என்று கேட்டால், எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வைரஸ் தானாக ஈரல் செல்லைக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லை நம் எதிர்ப்புச் சக்திதான் கொல்கிறது, முழுதாகத் தீர்த்துக்கட்டவும் மாட்டேன் என்கிறது, விட்டுவிட்டுச் சண்டை. செத்த செல்லின் இடத்தை நிரப்பப் பக்கத்துச் செல் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் அதன் டி.என்.ஏ. நகலெடுக்கப்படுகிறது, நகலில் எங்கேயாவது பிழை விழுகிறது. பாவு இழை அறுந்து அறுந்து முடிச்சுப் போட்டு ஓட்டிய துணி எப்படி இருக்கும் என்று தறிக்காரனுக்குத் தெரியும். ஒரு முடிச்சு கண்ணுக்குத் தெரியாது, 30 வருட முடிச்சு தெரியும். கூடவே செத்த இடங்களில் தழும்பு விழுந்து ஈரல் கரடுமுரடாக இறுகிப்போகிறது, அதுதான் சிரோசிஸ். பி வைரஸால் சிரோசிஸ் வந்தவர்களில் வருடத்துக்கு 100 பேரில் 2 முதல் 4 பேருக்குக் கட்டி வருகிறது.

பி வைரஸுக்கு இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. அது தன் டி.என்.ஏ. துண்டை நம் ஈரல் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடும். டெர்ட் என்று ஒரு மரபணு, செல்லுக்குச் சாகாவரம் தருகிற சமாச்சாரம், சாதாரண ஈரல் செல்லில் அது அடங்கித்தான் இருக்கும். அதன் பக்கத்தில் போய் வைரஸ் துண்டு உட்கார்ந்தால் அது விழித்துக்கொள்கிறது. கட்டிகளில் அடிக்கடி பார்க்கிற இடங்களில் அது ஒன்று. இதனால்தான் பி வைரஸ்காரர்களுக்கு சிரோசிஸ் வராமலேகூட நேராகப் புற்றுநோய் வரலாம்.

ஜூலை 5

சி பற்றிக் கேட்டவருக்கு. சி வேறு சாதி. அது ஆர்.என்.ஏ. வைரஸ், நம் டி.என்.ஏ.வுக்குள் போய் உட்காராது. பெரும்பாலும் வீக்கம், தழும்பு, சிரோசிஸ், அப்புறம் கட்டி என்று வரிசையாகத்தான் வரும். பெரிய வயதில் தொற்றினாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நிரந்தரமாகத் தங்கிவிடுவது சி-யின் கெட்ட குணம். நல்ல சேதி, 2013-க்கு அப்புறம் வந்த சோஃபோஸ்புவிர் வகை மாத்திரைகளைப் பெரும்பாலும் 12 வாரம் சாப்பிட்டால் 100-க்கு 95 பேருக்கு வைரஸ் முழுதாகப் போய்விடுகிறது. போய்விட்டது என்று நிம்மதியாகத் தூங்கலாம்தான், ஆனால் அதற்கு முன்பே சிரோசிஸ் வந்திருந்தால் ஆறு மாத ஸ்கேனை விடக்கூடாது. வைரஸ் போனாலும் அது விட்டுப்போன தழும்பு ஈரலிலேயேதான் இருக்கும்.

சி-க்கும் தடுப்பூசி போட்டாயிற்று என்று ஒருவர் எழுதியிருந்தார். சி-க்குத் தடுப்பூசி கிடையாது. அவர் போட்டது பி-க்கு இருக்கும்.

ஜூலை 7

என் கதையைக் கேட்டார்கள். ஊர்த் திருவிழாவில் இரத்ததான முகாம், சின்னப் பசங்களோடு நானும் போய்ப் படுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நாளில் இரத்த வங்கியிலிருந்து போன், நேரில் வரச் சொன்னார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கு பி பாசிட்டிவ், இனிமேல் இரத்தம் கொடுக்காதீங்க." அவ்வளவுதான். என் இரத்த வகை பி பாசிட்டிவ் என்கிறார் போலிருக்கிறது, அதற்கு ஏன் கொடுக்கக் கூடாது என்று யோசித்துக்கொண்டே படி இறங்கினேன். என் வகை ஓ என்பது பைக்கை எடுக்கும்போதுதான் உறைத்தது.

அப்புறம் வீட்டில் எல்லோருக்கும் பார்த்தோம். அம்மாவுக்கு இருந்தது, அக்காவுக்கும் இருந்தது, தம்பிக்கு இல்லை. அம்மாவின் அண்ணன், என் மாமன், 1990-களில் வயிற்றில் தண்ணீர் கட்டிச் செத்துப்போனார். மகோதரம் என்றார்கள். பங்காளி வைத்த செய்வினை என்று ஒரு கூட்டம் சொன்னது, தோட்டத்தில் எலுமிச்சம்பழம் புதைத்திருக்கிறது என்று தோண்டிக்கூடப் பார்த்தார்கள். அவர் குடிக்கிறவர் இல்லை. இரத்தம் யாரும் பார்க்கவில்லை, அதனால் மாமனுக்கு இதுதான் என்று இப்போது சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அம்மாயியிடமிருந்து அம்மாவுக்கும் மாமனுக்கும், அம்மாவிடமிருந்து அக்காவுக்கும் எனக்கும் என்று கோடு போட்டுப் பார்த்தால் அச்சாகப் பொருந்துகிறது. அந்தப் பங்காளி வீட்டோடு எங்கள் வீட்டுக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

ஜூலை 9

கீழாநெல்லி குடித்தால் போதாதா என்கிற பேச்சு எப்படியும் வரும் என்று தெரியும், வந்துவிட்டது. சத்தியமங்கலத்தார், உங்கள் ஊர் வைத்தியரைக் குறை சொல்லவில்லை. ஏ, ஈ வைரஸ் காமாலை, கெட்ட தண்ணீரால் வருவது, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும் (கர்ப்பிணிக்கு ஈ வந்தால் மட்டும் உயிருக்கே ஆபத்து, விளையாடக் கூடாது). அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் பேர் அதற்குத்தான் போகும்.

ஆனால் கீழாநெல்லியை ஆராய்ச்சிக்காரர்கள் சும்மா ஒதுக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தியாகராஜன் குழு பி வைரஸ் தங்கியவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்து 1988-ல் லான்செட்டிலேயே எழுதியது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் வைரஸ் அடையாளம் காணாமல் போனது, வெறும் மாவு மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் போனது. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் தாய்லாந்தில், மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. 30 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, எந்த நாட்டிலும் அது பி வைரஸுக்கு மருந்தாக நிற்கவில்லை. எனக்கு இதில் வருத்தம்தான். எங்கள் வாய்க்கால் மேட்டில் சும்மா முளைத்துக் கிடக்கிறது, பலித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 10

பத்தியம் பற்றி: உப்பில்லாமல் மோர் சாதம் தின்று வைரஸைப் பட்டினி போட முடியாதுங்க. பட்டினி கிடப்பது நாம்தான்.

ஜூலை 14

நாமக்கல் அண்ணன் ஒருவர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், 'அஃப்ளடாக்சினும் ஈரலைக் கெடுக்குமே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா' என்று கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்த கேள்விகளில் இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் நம் பக்கத்தில் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் கோழிக்காரர்கள்தான். மக்காச்சோளம் பூசணம் பிடித்திருந்தால் தீவன மில்லில் லோடையே திருப்பி அனுப்புவார்கள், தீவனத்தில் நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் டாக்சின் பைண்டர் கலப்பார்கள், செத்த கோழியை அறுத்து ஈரல் நிறம் பார்ப்பார்கள்.

கண்டுபிடித்ததே கோழி வகையறாவில்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன, காரணம் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சுதான் அஃப்ளடாக்சின். அது ஈரல் செல்லில் பி53 என்கிற காவல் மரபணுவைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில், 249-ஆவது எழுத்துத் தொகுப்பில், கெடுக்கும். சீனாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஈரல் கட்டிகளைப் பிரித்துப் பார்த்தபோது அதே இடத்தில் அதே பழுது திரும்பத் திரும்பக் கிடைத்தது, திருடன் கைரேகை வைத்துவிட்டுப் போனதுபோல என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, வேண்டாம். பி வைரஸ் உள்ள ஆளுக்கு இந்த நஞ்சும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது.

கோழி ஈரலுக்குச் சோளத்தை டெஸ்ட் செய்கிறோம். மழையில் நனைந்த கல்லக்காயை வாசலில் காயப்போட்டு, முக்கால்வாசி காய்ந்ததும் சாக்கில் கட்டி, கருத்த பருப்பைப் பொறுக்கிச் செக்குக்கு அனுப்புகிறோம். காங்கேயம் பக்கம் களத்தில் கொப்பரை காய்வதைப் பார்த்திருப்பீர்கள், பச்சைப் பூசணம் பிடித்த பருப்பை அங்கேயும் பார்த்திருப்பீர்கள்.

ஜூலை 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு வீட்டுக்காரி கடலை மிட்டாய் டப்பாவைத் தூக்கி ஒளித்துவிட்டாள், அதனால் ஒரு வார்த்தை. கடலையே தின்னாதே என்று நான் சொல்லவில்லை. கசக்கிற, சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைத் துப்பிவிடுங்கள், நன்றாகக் காய்ந்த காயை ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். வறுத்தால் நஞ்சு ஓரளவு குறையும், முழுதாகப் போகாது. பி வைரஸ்காரர்கள் முதலில் விடவேண்டியது கடலை இல்லை, சாராயம். கோவை நண்பர் 'ஈரல் கெட்டால் குடிதான் காரணம்' என்று அடித்துச் சொல்கிறார். குடி மட்டுமே காரணம் என்பது தப்பு, வைரஸோடு குடியும் சேர்ந்தால் நாசம் என்பது சரி. சர்க்கரையும் தொப்பையும் அந்தக் கூட்டணியில் உண்டு. எனக்குத் தொப்பை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஜூலை 19

மாத்திரை சாப்பிடுகிறேனே, ஸ்கேன் எதற்கு என்று உடுமலையிலிருந்து கேள்வி. டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டும் வைரஸ் பெருகுவதை அடக்கும், அடக்கினால் சிரோசிஸும் புற்றுநோயும் குறையும், ஆனால் பூஜ்யம் ஆகாது. செல்லின் கருவுக்குள் வைரஸ் ஒரு வளையமாகத் தன் மூலப்பிரதியை வைத்திருக்கிறது, இந்த மாத்திரைகள் அதைத் தொடுவதில்லை. அதனால்தான் டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் திடீரென்று சீறி எழும்.

யாருக்கு ஸ்கேன் என்றால், சிரோசிஸ் இருக்கிற எல்லோருக்கும், சிரோசிஸ் இல்லாவிட்டாலும் பி வைரஸ் உள்ள நம் ஆசிய ஆண்களுக்கு 40 வயதுக்கு மேல், பெண்களுக்கு 50-க்கு மேல், வீட்டில் யாருக்காவது ஈரல் புற்றுநோய் இருந்தால் அதற்கு முன்பே. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்று அல்ட்ராசவுண்ட், கூட ஏ.எஃப்.பி. என்கிற இரத்தப் பரிசோதனை. ஏ.எஃப்.பி. மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், கட்டி இருந்தும் அது ஏறாத ஆட்கள் நிறைய.

ஆறு மாதம் என்பதில் ஒரு காரணம் இருக்கிறது. ஒரே கட்டி 5 சென்டிமீட்டருக்குள், அல்லது மூன்று கட்டிகள் வரை ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஈரல் மாற்று அறுவைக்கு வழி உண்டு, 1996-ல் மிலான் நகர டாக்டர்கள் வகுத்த அளவு, இன்றும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். சின்னக் கட்டியை ஊசி வழியாகச் சுட்டே அழிக்கலாம். வலி வந்து, வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி ஓடும்போது அந்த அளவெல்லாம் தாண்டியிருக்கும்.

போன வாரம் என் முறை. காலையில் வெறும் வயிறு, பேக்கரி வாசனைக்கு நடுவில் ஸ்கேன் சென்டர், அது தனிக் கொடுமை. பசையை வலது விலாவுக்குக் கீழே தடவி, "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க, இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க" என்று அழுத்திக்கொண்டே போவார். எங்கேயாவது ஒரு இடத்தில் கை நின்றுவிடும். திரையில் எதையோ அளப்பார். அந்த நேரத்தில் என் காதுக்கு ஏ.சி. சத்தம்கூடக் கேட்காது. பித்தப்பையை அளந்தேன் என்பார் அப்புறம் சாவகாசமாக.

ஜூலை 20

முந்தின குறிப்பு கொஞ்சம் மிரட்டுகிற மாதிரி ஆகிவிட்டதோ என்று தோன்றுகிறது. குழந்தையிலேயே தொற்றியவர்களில், கவனிக்காமல் விட்டால், சுமார் நாலில் ஒருவர் சிரோசிஸிலோ ஈரல் புற்றுநோயிலோ சாகிறார்கள் என்பதுதான் கணக்கு. அப்படியானால் மூன்று பேருக்கு அந்தச் சாவு இல்லை. எங்கள் அம்மாவுக்கு 74, பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து என் ரிப்போர்ட்டைக் கேட்கிறாள்.

ஜூலை 23

ஊசியால் வைரஸ் பரவுவது பற்றி. எங்கள் ஊரில் ஒரு கம்பவுண்டர் இருந்தார், காய்ச்சலோ கால்வலியோ எதுவானாலும் ஊசிதான். கண்ணாடிச் சிரிஞ்சை வெந்நீரில் ஒரு அலசு அலசிவிட்டு அடுத்த ஆளுக்குக் குத்துவார். மாத்திரை எழுதினால் 'இவன் என்ன டாக்டர்' என்று ஊரே பேசும், அவரும்தான் என்ன செய்வார். எகிப்தில் நத்தைக் காய்ச்சலை (நத்தை வழியாகப் பரவும் புழு நோய்) ஒழிக்கிறோம் என்று 1950-களிலிருந்து 80-கள் வரை அரசாங்கமே ஊர் ஊராக ஊசி போட்டது, சரியாகக் கொதிக்கவைக்காத சிரிஞ்சில் சி வைரஸ் நாடு முழுக்கப் பரவியது. அதே எகிப்து 2018-ல் தொடங்கிக் கோடிக்கணக்கான பேருக்கு இரத்தம் பார்த்து, இலவச மாத்திரை கொடுத்து அதைக் கிட்டத்தட்ட அடக்கிவிட்டது. இந்தியாவிலும் 2018 ஜூலை 28-லிருந்து தேசியத் திட்டம் இருக்கிறது, பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி நம் நாட்டில் பி சுமார் 2.98 கோடிப் பேருக்கு, சி 55 லட்சம் பேருக்கு. பெரும்பாலானவர்களுக்கு இருப்பதே தெரியாது.

ஜூலை 28

இன்று ஹெபடைடிஸ் நாள். பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கிய பிளம்பர்க்கின் பிறந்தநாள். கீழாநெல்லியைச் சோதனைக்கூடத்தில் பார்த்தவர்களில் அவரும் ஒருவர் என்பது கூடுதல் தகவல், சத்தியமங்கலத்தாருக்காக.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு, பவானி கூடுதுறைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், கோபிக்காரர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு பாசிட்டிவ், சின்ன அத்தைக்கும் பாசிட்டிவ், அவருக்கும் பெரியப்பா பிள்ளைகளுக்கும் இல்லை. பெரியப்பாவுக்குக் கட்டி இரத்தக் குழாய் வரை போய்விட்டதால் அறுவை முடியாதாம், மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். தம்பி, அப்பாவுக்கும் அத்தைக்கும் அடுத்து வைரஸ் அளவு, இ ஆன்டிஜன் (வைரஸ் மும்முரமாகப் பெருகுகிறதா என்று காட்டுவது), எஸ்.ஜி.பி.டி. (ஈரல் என்சைம்), ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் இறுகலை அளப்பது), அல்ட்ராசவுண்ட் இவ்வளவும் பார்க்கச் சொல்லி ஈரல் டாக்டரிடம் கேளுங்கள். சும்மா கேரியர்தான், போய் வேலையைப் பாருங்கள் என்று யாராவது அனுப்பினால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

அத்தையின் தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கிறார்களாம். எடுத்து ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். சாப்பாட்டில் பரவாது, தொட்டால் பரவாது. பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் தனி, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6

கல்யாணம் பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்குப் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன், பெயர் சொல்லவில்லை. பெண்ணுக்கு பாசிட்டிவ் என்று மாப்பிள்ளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்கிறீர்கள். மாப்பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டுப் பலித்துவிட்டால் அவருக்குத் தொற்றாது. குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி, கூடவே இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் பொருள் ஊசி), வைரஸ் அளவு அதிகமாக இருந்தால் தாய்க்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர். இவ்வளவும் செய்தால் குழந்தைக்குப் போவது மிக அபூர்வம். தைவானில் 1984-ல் பி வைரஸ் உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கும், 1986-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி தொடங்கினார்கள், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருகிற ஈரல் புற்றுநோய் பாதியாகக் குறைந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைக் குறைத்ததாக உலகம் பார்த்த முதல் கணக்கு அது. ஜாதகத்தில் செவ்வாய் இருந்தால் பரிகாரம் தேடுகிற வீட்டுக்கு இதை எடுத்துச் சொல்ல ஒரு டாக்டரைக் கூட்டிப் போங்கள், என் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 7

பி தடுப்பூசி பற்றிக் கேட்ட பொள்ளாச்சிக்காரருக்கு: பெரியவர்களுக்கு மூன்று ஊசி, இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மூன்றாவதை மறந்து ஒரு வருடம் ஆகிவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட ஊசியை மட்டும் போட்டால் போதும். வீட்டில் பி வைரஸ்காரர் இருந்தால் ஒன்றிரண்டு மாதம் கழித்து ஊசி பலித்ததா என்று காட்டும் ஆன்டி ஹெச்.பி.எஸ். இரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்ளுங்கள், 10-க்கு மேல் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரிக்கு 400 சொச்சம்.